டிராவலிங் வில்பரிஸ் குழுவில் இருந்தவர்கள் யார்? அவர்களின் இசைப் பின்னணி என்ன?

ஐந்து பேருமே ஏற்கெனவே பெரும்புகழ் பெற்றவர்கள். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன், ஃபோக் எனும் நாட்டுப்புறப் பாணியில் தொடங்கி ராக்குக்கு வந்த பாப் டிலன், எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ராக் குழுவின் ஜெஃப் லின், ஹார்ட்பிரேக்கர்ஸ் என்ற ராக் குழுவின் டாம் பெட்டி, 1960களிலேயே கொடிகட்டிப் பறந்த பாடகர் ராய் ஆர்பிசன்.

1988இல் ஹாரிசனின் சிங்கிள் (தனிப்பாடல் இசைத்தட்டு) ஒன்றின் மறுபக்கத்துக்குப் பாட்டு தேவைப்பட்டது. மாலிபுவில் டிலன் வீட்டு கராஜில் கூடினார்கள். அங்கே கிடந்த பெட்டியில் இருந்த ‘ஹேண்டில் வித் கேர்’ (கவனமாகக் கையாளவும்) என்ற வாசகமே பாட்டின் பெயரானது. மறுபக்கத்தில் போட மனம் வராத அளவுக்கு நன்றாக அமைந்துவிட, முழு ஆல்பமே பிறந்தது.

அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குங்கள். ஹாரிசன் இயல்பாகப் பாடிக்கொண்டு போக, நடுவே ஆர்பிசனின் குரல் மேலெழும் இடத்தில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். ஆல்பம் வெளியான இரண்டே மாதத்தில் ஆர்பிசன் காலமானார். மற்ற நால்வரும் 1990இல் இன்னோர் ஆல்பம் தந்தார்கள். என் காதுக்கு முதலாவதுதான் உசத்தி.