44 வயதில் ஸ்கூட்டி பழகலாமா?

வண்டி பழகும் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்கு 44 வயது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மகளை டியூஷனில் கொண்டுபோய் விட தினமும் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறேன். வீட்டுக்காரரின் ஸ்கூட்டி சும்மாதான் நிற்கிறது. 'உனக்கெல்லாம் வராதும்மா' என்கிறாள் மகள். இந்த வயதில் பேலன்ஸ் வருமா?
– வாசகி, கும்பகோணம்

நிச்சயம் வரும். வயதானவர்களுக்குப் பேலன்ஸ் தாமதமாவதற்குக் காரணம் பயம். நடக்கிற வேகத்துக்கும் கீழே போனால் எந்த இருசக்கர வண்டியும் ஆடும். கொஞ்சம் வேகம் கிடைத்தால் தானாக நிமிரும். பயந்தவர் மெதுவாக ஓட்டுவார், வண்டி ஆடும், பயம் இன்னும் கூடும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, முதல் சில நாள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே பழகுவது.

முதல் இரண்டு நாள் ஏறி உட்காரவே வேண்டாம். வண்டி 100 முதல் 110 கிலோ இருக்கும். சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, இடது பக்கம் நின்று, இடுப்பு சீட்டில் லேசாக ஒட்டியிருக்கும்படி தள்ளிக்கொண்டு நடங்கள். பத்தடிக்கு ஒருமுறை பிரேக் பிடித்து நிறுத்துங்கள். இடது கை பின் பிரேக், வலது கை முன் பிரேக். புது வண்டிகளில் இடது பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து நிற்கும். வண்டியின் கனம் கைக்குப் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மூன்றாம் நாள், லேசான சரிவு உள்ள காலி மைதானம். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும்; நுனிக்கால் மட்டும் படுகிற உயரமான வண்டி பழக ஆகாது. இன்ஜினை அணைத்தபடியே இரண்டு காலாலும் உந்தி, வாத்து நடை மாதிரி போங்கள். வண்டி உருளத் தொடங்கியதும் இரண்டு காலையும் எடுத்து ஃபுட்போர்டில் வையுங்கள். முதலில் நாலடி, பிறகு பத்தடி. காலூன்றாமல் இருபதடி வந்துவிட்டீர்களா? பேலன்ஸ் வந்தாயிற்று. பலருக்கு இது ஒரு வாரத்துக்குள் நடக்கிறது. அன்றைக்கு அவர்கள் முகத்தில் வருகிற ஆச்சரியத்தைப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். மகளையும் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து காலை ஊன்றிக் கொடுத்தால் வண்டி அவருடைய பேலன்ஸில்தான் நிற்கும், உங்களுக்கு வராது. மைதானத்தில் பக்கத்தில் நடந்து வரட்டும். தினமும் அரை மணி நேரம் போதும். கை வலிக்கத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பேலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைத் திருகியதும் வண்டி பாய்ந்து சுவரில் முட்டிவிட்டது. அதிலிருந்து தொடவே பயமாக இருக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

இந்தப் பாய்ச்சலுக்கு இரண்டு காரணம். ஸ்கூட்டியின் கிளட்ச் தானியங்கி. இன்ஜின் ஓரளவு சுற்றிய பிறகுதான் சக்கரத்தைப் பிடிக்கும். லேசாகத் திருகும்போது ஒன்றும் நடக்காததால் புதியவர் இன்னும் திருகுவார், அப்போது திடீரென்று பிடிக்கும். வண்டி முன்னே போக உடம்பு பின்னே சாயும். பிடித்திருக்கிற கையும் சேர்ந்து பின்னால் இழுக்க, ஆக்சிலரேட்டர் இன்னும் திறந்துகொள்ளும். பயத்தில் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வேகம் கூடும்.

சரிசெய்ய: வலது மணிக்கட்டைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பிடியுங்கள். மணிக்கட்டு உயர்ந்திருந்தால் சின்ன அசைவுக்கே நிறையத் திருகிவிடும். முழங்கையை விறைக்காதீர்கள். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் பிரேக் மேல் இருக்கட்டும். வண்டியை நகர்த்தி, பத்தடியில் ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு, பிரேக் பிடித்து நிறுத்துங்கள். இதை மட்டும் ஒரு காலைப் பொழுதில் 30 தடவை செய்யுங்கள். ஓட்டுவதைவிட விடுவதுதான் கைக்குப் பழக வேண்டும். சுவரைப் பார்த்து நிறுத்திப் பழக வேண்டாம், திறந்த வெளி வேண்டும். மணலிலும் திருப்பத்திலும் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள். பின் சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டேன். பிள்ளைகள் கண்ணெதிரே ஃபெயிலாகிவிட்டேன். அவமானமாக இருக்கிறது. என்ன தவறு செய்தேன்?
– வாசகி, ஆவடி

முன் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். ஒரு வளையத்தில் இருக்கும்போதே முகத்தைத் திருப்பி அடுத்த வளையத்தின் நடுவைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுத் திருப்பினாலும் வண்டி சாயும். அதை ஒரே அளவில் வைத்து, பின் பிரேக்கை லேசாக உரசவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலை இடைவெளி விட்டு வைத்து முதலில் பெரிய எட்டு போடுங்கள். கால் ஊன்றாமல் பத்துமுறை வந்தபின் ஓரடி ஓரடியாகப் பாட்டில்களை நெருக்குங்கள்.

தேறாதவர்கள் 7 நாள் கழித்து மறுபடி டெஸ்டுக்குப் போகலாம். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) 6 மாதம் செல்லும் என்பதால் அவகாசம் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்ததில் குறையொன்றும் இல்லை. 'முகத்தைத் திருப்பாமல் விட்டேன், அதனால் போச்சு' என்று அவர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அடுத்த கணக்குப் பரீட்சையில் மார்க் குறையும்போது பிள்ளை அதே மாதிரி காரணத்தோடு வந்து பேசும். பயிற்சிக்குப் பாட்டில் நகர்த்தும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள்.

40 வயதுக்கு மேல் லைசென்ஸுக்கு என்ன வேண்டும்? எல்.எல்.ஆர். இருந்தால் மகனைப் பின்னால் ஏற்றலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

40 தாண்டியவர்கள் மருத்துவரிடம் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். எல்.எல்.ஆர். வந்து 30 நாள் கழித்து டெஸ்டுக்கு விண்ணப்பிக்கலாம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால் கியர் பைக் ஓட்ட முடியாது. எல்.எல்.ஆரில் மகனை ஏற்றவே கூடாது. லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர் மட்டுமே பின்னால் உட்காரலாம்.

லைசென்ஸ் வந்து அவனை ஏற்றும் நாளில் அவனுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது சட்டப்படி கட்டாயம். கிளிப்பைப் போட்டபின் தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரியான இறுக்கம். பெரியவர் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு முக்குக்கடைக்குப் போனால் பையனும் நாளைக்கு அப்படித்தான் போவான்.

'நீங்களே ஒரு மாதத்தில் ஓட்டிட்டீங்க, எனக்கும் சாவி கொடுங்க' என்கிறான் 15 வயது மகன். தெருவுக்குள் மட்டும் விடலாமா?
– வாசகி, மதுரை

கூடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடைக்காது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், உங்கள் எல்.எல்.ஆரையும் லைசென்ஸையும் எடுத்துக் காட்டி, எந்த வரிசையில் எதைச் செய்தீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். இப்போதைக்கு டயர் காற்றும் பிரேக் லைட்டும் பார்க்கும் வேலையை வாரம் ஒருமுறை அவனுக்குக் கொடுக்கலாம். சாவி உங்களிடமே இருக்கட்டும்.