ஓடியாடும் குழந்தையின் படம் வீட்டுக்குள் ஏன் கலங்கலாக வருகிறது?

ஒன்றரை வயதுக் குழந்தையை வீட்டுக்குள் எப்படி எடுத்தாலும் முகம் கலங்கலாக விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோகஸைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் ஷட்டர் வேகம்தான், அதாவது படமெடுக்க கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்தான் காரணம். வெளிச்சம் போதாவிட்டால் கேமரா தானாக 1/30 நொடிக்கு இறங்கிவிடும். அதற்குள் குழந்தை தலையைத் திருப்பியிருக்கும்.

உட்கார்ந்து விளையாடினால் 1/250 நொடி, ஓடினால் 1/500 நொடி என வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளிக்கான கேமராவின் உணர்திறன் அளவு) 3200 வரை ஏறினால் ஏறட்டும். அதனால் புள்ளி புள்ளியாக வந்த படத்தை ஓரளவு தேற்றலாம், அசைந்த படத்தைத் தேற்றுவது கடினம். செல்போன் என்றால் நைட் மோடை அணையுங்கள். அது பல ஃபிரேம்களைச் சேர்ப்பதால் ஆட்டும் கை மங்கி இழுபடும்.

இதையெல்லாம்விட ஜன்னல்தான் பெரிய உதவி. நேர் வெயில் விழாத ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் பாயை விரித்து, பொம்மைகளை அதில் கொட்டுங்கள். குழந்தை தானாக வந்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கன்னம் நீலமும் மறு கன்னம் மஞ்சளுமாக வரும்.

அப்புறம் நீங்களும் தரையில் படுக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் தலை பெருத்து, கால் குட்டையாகிவிடும். முகத்தருகே போனைக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும். நாலடி பின்வாங்கி, இரு மடங்கு பெரிதாக்கும் 2எக்ஸ் லென்ஸில் எடுங்கள்.

பச்சிளம் குழந்தை தன் கைகளில் முகத்தைத் தாங்கியிருக்கும் படங்களைப் பார்த்து முயலவே வேண்டாம். பெரியவர் ஒன்றில் தலையையும் மற்றதில் கைகளையும் பிடித்தபடி எடுத்த இரண்டு படங்களை ஒட்டித்தான் அவற்றை உருவாக்குகிறார்கள்.