ஊட்டியில் மதிலை ஒட்டிச் சாலையோரம் நிற்கும் பெரிய கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) வெட்டச் சொல்லலாமா?

சாய்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம். பல வருடமாகச் சாய்ந்தே வளர்ந்த மரத்தின் நுனி வெளிச்சம் தேடி நிமிர்ந்திருக்கும். அது பழைய சாய்வு. புதுச் சாய்வுதான் பயம். மரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் போய்க் குனிந்து பாருங்கள். மண் மேலெழும்பி, விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தால் வேரின் பிடி தளர்கிறது. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான், தட்டினால் பொந்துச் சத்தம் என்றாலும் கவனிக்க வேண்டியதுதான். அப்புறம், சாக்கடை தோண்டியபோது வேரை வெட்டினார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மதிலில் விரிசல் என்றால் மதிலைத் தள்ளிக் கட்டலாம். இலைக் குப்பைக்கு விளக்குமாறு போதும்!

சாலையோர மரம் உங்களுடையதல்ல. உங்கள் பட்டா நிலத்தில் நின்றாலும், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். வெடிப்பு, காளான் தெரியும்படி படமெடுத்து, ஜூன் காற்று தொடங்கும் முன்பே நகராட்சியில் மனு கொடுங்கள். வீட்டுப் பக்கம் நீளும் கனத்த கிளையை மட்டும் கழிக்கச் சொல்லியும் கேட்கலாம். மொட்டையடிக்க மட்டும் சொல்லாதீர்கள். வெட்டிய இடத்தில் கிளம்பும் புதுக் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு, காற்றில் அவைதான் முதலில் ஒடியும்.