பதினைந்து வீட்டு அதிரசம்

அன்புள்ள ஐயா,

வரும் தை மாதம் என் மகளுக்குத் திருவந்திபுரம் மலையில் திருமணம். மாலையில் மஞ்சக்குப்பத்தில் வரவேற்பு. உறவினரும் தோழிகளும் தங்கள் கையால் செய்து தருவதைக் கொண்டே எல்லாம் நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கைக்காகிதத்தில் அழைப்பிதழ், பழைய பட்டுப்புடவையில் தைத்த தாம்பூலப் பை, குருத்தோலைத் தோரணம், தோழிகள் கட்டும் மாலை என்று பட்டியல் போட்டோம். பையில் வைக்க 600 அதிரசம் வேண்டும். 15 வீட்டுப் பெண்களுக்கு ஆளுக்கு 40 என்று பிரித்துக் கொடுத்து, எல்லாம் ஒரே அளவிலும் நிறத்திலும் இருக்க மாதிரிப் படம் ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முதல் நாள் கூரியரில் மண்டபத்துக்கு வந்துவிட்டால் போதும் என்றேன். என் நாத்தனார், "பணம் தருகிறேன், கடையில் வாங்கிக்கொள், எங்களை ஏன் வேலை வாங்குகிறாய்?" என்று கேட்டுவிட்டார். சம்பந்தி வீட்டார் இதைக் கஞ்சத்தனம் என்கிறார்கள். நான் கேட்டது தவறா?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரி,

சென்ற மாதம் புதுச்சேரியில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். தாம்பூலப் பையில் இருந்த அதிரசத்தின் உறையில் 'பாட்டி கைமணம்' என்று அச்சடித்திருந்தது. எந்தப் பாட்டி என்று சொல்லத்தான் அங்கே ஆளில்லை. அன்றிலிருந்து என் அத்தையின் நினைவாகவே இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சம்பந்தி வீட்டார் சொல்வதை விடுங்கள். எதைச் செய்தாலும் ஏதாவது சொல்வது அவர்கள் உரிமை. அழைப்பிதழைப் பற்றியும் எனக்கு மறுப்பில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959 முதல் பருத்தித் துணிக்கழிவை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள். மாலையை மட்டும் தோழிகளிடம் விடாதீர்கள். ஊறிய வாழைநாரில் முகூர்த்த மாலை கட்டுவது பல ஆண்டுப் பழக்கத்தில் வருகிற தொழில், அதை நம்பித் திருப்பாதிரிப்புலியூரில் குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் மகளின் ஆசைக்காக அவர்கள் ஒரு முகூர்த்த நாள் வருமானத்தை ஏன் இழக்க வேண்டும்? குருத்தோலையையும் அளவோடு கேளுங்கள். ஒரு தென்னை ஆண்டுக்கு ஏறக்குறைய 12 மட்டைதான் விடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் தோப்போடு மரங்களை இழந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு குருத்தின் விலையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அதிரசத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். அம்மா, 15 வீட்டில் 15 பாகு. ஒரு வீட்டில் பழைய வெல்லம், இன்னொரு வீட்டில் புது வெல்லம். ஒருத்தி அரிசியை நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும்போதே இடிப்பாள், இன்னொருத்தி கடையில் காய்ந்த மாவை வாங்கிக் கிளறுவாள். இவை எப்படி ஒரே நிறத்தில் வரும்? படத்தைப் பார்த்து ஒரே அச்சாகச் செய்து தருகிறவர் கடைக்காரர். நீங்கள் உங்கள் உறவினரை 15 கூலியில்லாக் கடைக்காரர்களாக ஆக்கிவிட்டு, அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கள் நாத்தனாருக்குக் கோபம் வந்தது நியாயம். பட்டியலில் இருக்கும் 15 பேரும் பெண்கள் என்பதையாவது எழுதிய கை கவனித்ததா? உங்கள் வீட்டு ஆண்களுக்கு மாவு சலிக்கக்கூடவா வராது?

1978 வைகாசியில் என் அக்காவுக்கு நெல்லிக்குப்பத்தில் திருமணம் நடந்தது. சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். ஆனாலும் அதிரசத்துக்கு வெல்லம்தான். பாகு பார்க்கத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான் இருந்தார்: பண்ருட்டியில் இருந்த பெரிய அத்தை, அப்பாவின் அக்கா. முந்திரித் தோப்பின் வரப்புத் தகராறில் அவருக்கும் அப்பாவுக்கும் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அப்பா என்னைத்தான் அனுப்பினார். அத்தை எனக்கு மோர் கொடுத்துவிட்டு, "உங்க அப்பனுக்குக் கால் இல்லியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அப்பா போனார். திரும்பும்போது இருவரும் ஒரே பேருந்தில், வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்து இறங்கியதை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன்.

நான்கு நாள் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு வாய்ச் சோறு தொடவில்லை. எதிர்வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அடுப்பின் முன் உட்காருவார். பக்கத்தில் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர். கொதிக்கும் பாகிலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டு, விரலால் கூட்டுவார். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. தளர்ந்த உருண்டையாகத் திரண்டு வந்தால் அந்த நொடியே அண்டாவை இறக்கச் சொல்லி மாவைக் கொட்டுவார். கிளறிய மாவை மூடி ஒரு நாள் வைத்து, மறுநாள் வாழையிலையில் தட்டி எண்ணெயில் போட்டு, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயைப் பிழிவார். அவரைச் சுற்றி எட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஊர்க் கதை பேசினார்கள். ஆண்கள் திண்ணையில் சீட்டாடினோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இரண்டாவது அண்டா கொதித்தபோது அப்பா அடுப்பருகே வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். அத்தை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் பாகு பதம் கடந்துவிட்டது. அந்த அண்டாவில் சுட்ட ஐம்பது, அறுபது அதிரசம் கல்லாக இருந்தன; அப்பா அவற்றை ஒருவருக்கும் கொடுக்காமல் ஒரு மாதம் காப்பியில் தோய்த்துத் தின்று தீர்த்தார். தோப்பு வழக்கு அதன் பிறகும் ஒன்பது ஆண்டு நடந்தது. யாரும் சமாதானமாகவில்லை. ஆனாலும் நேரில் போய்க் கேட்டதற்காக அத்தை வந்தார், நான்கு நாள் புகையில் உட்கார்ந்தார்.

நீங்கள் கேட்கவே இல்லை, சகோதரி; ஒதுக்கீடு செய்தீர்கள். கைவேலை வேண்டுமென்றால் அந்தக் கைக்கு உரியவர் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும், அவருக்குப் பாய் விரிக்க வேண்டும், மூன்று வேளை சமைத்துப் போட வேண்டும், அவருடைய முதுகுவலியையும் மருமகள் பற்றிய புகாரையும் கேட்க வேண்டும். இது கடையில் வாங்குவதைவிடச் செலவு கூடுதல். கஞ்சத்தனம் என்கிற சம்பந்தி வீட்டாரிடம் வேண்டுமானால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 600 முடியாதென்றால் 100 போதும், மணமேடைக்கு வருகிற பெரியவர்களுக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, தேங்காய் கொடுத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பட்டுப்புடவைப் பைகளை மகளும் தோழிகளும் தைக்கட்டும். கோணல் தையலுக்கு அவளே பொறுப்பு.

நாத்தனார் வீட்டுக்கு நாளைக்கே போங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். படத்தைக் காட்டாதீர்கள், பாகு பார்க்க வரமுடியுமா என்று மட்டும் கேளுங்கள். அவர் வரமாட்டேன் என்றாலும் அங்கே காப்பி குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

மாவு இடிக்கிற தேதியை எனக்கும் எழுதுங்கள். பாகு பார்க்க எனக்கு வராது. கரண்டி பிடித்து எண்ணெய் பிழிவேன். கூரியரில் 40 மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.