வீடு ஓரிடம், கல்லறை வேறிடம்

கேள்வி: வேல்ஸ் செல்லும்போது கவிஞர் ஹெத் வின் வாழ்ந்த வீட்டைப் பார்க்க இருக்கிறோம். அவருடைய கல்லறை பெல்ஜியத்தில் உள்ளதாம். வெல்ஷ் மொழி அறியாத நாங்கள் ஒரு கல்லைப் பார்க்க இன்னொரு நாட்டுக்குப் போவது வீண் அலைச்சல் அல்லவா?

பதில்: அல்ல. அந்த வீட்டில் நீங்கள் பார்க்கப்போவது எதை என்று அறிந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ட்ராஸ்வனித் ஊருக்கு அருகிலுள்ள அந்தப் பண்ணைவீட்டில் வேலைப்பாடு மிக்க மர நாற்காலி ஒன்று இருக்கிறது. வேல்ஸின் தேசியக் கலைவிழாவில் மரபுக்கவிதைக்குத் தரப்படும் உயர்ந்த பரிசு நாற்காலிதான். 1917 செப்டம்பர் 6 அன்று, இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில், பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜும் வந்திருந்த அவையில், வென்றவரின் புனைபெயரைச் சொல்லி அழைத்தபோது எவரும் எழவில்லை. ஐந்து வாரங்களுக்கு முன்பே, ஜூலை 31 அன்று, பெல்ஜியத்தின் பில்கெம் மேட்டில் நடந்த முதல் உலகப் போர்ச் சண்டையில், வென்றவரான ஹெத் வின் உயிரிழந்திருந்தார். நாற்காலியைக் கறுப்புத் துணியால் போர்த்தினார்கள். அந்த நாற்காலியைச் செய்தவர் யூஜீன் வான்ஃப்ளீடரன். போருக்குத் தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பெல்ஜியக் கைவினைஞர். அவர் எந்த நாட்டை விட்டு ஓடிவந்தாரோ அந்த நாட்டின் மண்ணிலேயே நாற்காலிக்கு உரியவர் கிடக்கிறார் என்னும்போது, வீட்டை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதிக் கதையோடு எழுந்து போவதாகும்.

ஹெத் வின் ஆடு மேய்த்தவர். தம்பி போருக்குப் போகக் கூடாதென்று தாம் படையில் சேர்ந்தார். உழவு வேலைக்காகக் கிடைத்த ஏழு வார விடுப்பில் இந்த வீட்டில் இருந்தபடியே 'வீரன்' என்னும், பரிசு வென்ற கவிதையை எழுதிவந்து, முடித்த பிரதியைப் பிரான்சிலிருந்து அஞ்சலில் அனுப்பினார். மகனை இழந்த தாய், தேடி வருவோருக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டுமென்று விரும்பினார். 2012இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் வீட்டை வாங்கும்வரை குடும்பத்தார் அச்சொல்லைக் காத்தார்கள். அது எனக்குக் கவிதைக்கு இணையாகவே படுகிறது.

மொழி தெரியாதது தடையன்று. பூசிங்கே ஊரின் ஆர்ட்டிலரி வுட் போர்க் கல்லறைத் தோட்டத்தில், அவர் கல்லில் 'ப்ரிவார்த்' என்றொரு வெல்ஷ் சொல் இருக்கும்; தலைமைக் கவிஞர் என்பது பொருள். அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு செல்லுங்கள். அதே நாளில் மாண்ட அயர்லாந்துக் கவிஞர் ஃபிரான்சிஸ் லெட்விட்ஜும் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார். இடம் ஈப்ரே நகரிலிருந்து சில கிலோமீட்டர்தான். வீடு திறக்கும் நாள்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் வீட்டுக்கும் பிறகு கல்லறைக்கும் செல்லுங்கள்.