நூற்றுக்கணக்கான பிடிபி கோப்புகளில் (புரதத்தின் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று ஒரு வரியில் ஒன்றாகப் பதிவுசெய்யும் உரைக் கோப்புகள்) நீர் மூலக்கூறுகளின் வரிகளை நீக்கி, சங்கிலியின் (அமினோ அமிலத் தொடரின்) பெயரை மாற்றுவது எப்படி?

சிறிய பைத்தான் நிரல் போதும். ஆனால் வரிகளை இடைவெளி கண்ட இடத்தில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிடிபி வடிவத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் வரியில் இத்தனையாவது எழுத்து என்று நிலையான இடம் உண்டு. அணுவரிகளில் அமினோ அமிலப் பெயர் 18 முதல் 20 வரை, சங்கிலியின் எழுத்து 22, அமினோ அமில எண் 23 முதல் 26 வரை. எண் 1000-ஐத் தொட்டதும் அது சங்கிலி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடைவெளியை நம்பிய நிரல் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் தவறான தகவலை எழுதிவிடும். எனவே இடத்தை எண்ணியே வெட்டுங்கள். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் 22-ஆம் இடம் அங்கே 21.

நீரை நீக்க, அமினோ அமிலப் பெயருக்கான இடத்தில் எச்ஓஎச் (நீரின் குறியீடு) என்றிருக்கும் வரிகளை மட்டும் எழுதாமல் தவிர்த்துவிடுங்கள். ஹெட்ஏடிஎம் வரிகள் (நீர், மருந்து போன்ற வழக்கமான அமினோ அமிலம் அல்லாதவற்றின் அணுவரிகள்) அனைத்தையும் அழிப்பது பெரிய தவறு: செலினோமெத்தியோனைன் என்ற மாற்றப்பட்ட அமினோ அமிலமும் அந்த வகையில்தான் பதிவாகிறது, புரதத்திலேயே ஓட்டை விழும். எல்லா நீரும் தேவையற்றதும் அன்று. எச்ஐவி வைரஸின் நொதியான புரோட்டியேஸில் மருந்துக்கும் புரதத்தின் மடல்களுக்கும் இடையே பாலமாக நிற்கும் நீர் மூலக்கூறை நீக்கினால் பிணைப்பின் கதையே மாறிவிடும்.

ஏ சங்கிலியைப் பி ஆக்கும் முன் அந்தக் கோப்பில் ஏற்கெனவே பி இருக்கிறதா என்று நிரலே சோதிக்கட்டும். ஹீலிக்ஸ் (சுருள் வடிவப் பகுதி), டைசல்பைடு பிணைப்பு (இரு கந்தக அணுக்களின் பிணைப்பு) ஆகியவற்றைக் குறிக்கும் வரிகளிலும் சங்கிலி எழுத்து வரும், வேறு இடங்களில். திருத்தியவற்றைத் தனிக் கோப்புறையில் எழுதுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.