கார்பன் கணக்கு குறைந்தால் நகரம் முன்னேறிவிட்டதாகுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். அண்மையில் ஒரு கூட்டத்தில், நகரின் கார்பன் உமிழ்வு இறங்குமுகமாக இருப்பதாக ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். அதை நம்பலாமா? எங்கள் பகுதியில் நாங்களே எதையாவது அளந்து பார்க்க முடியுமா?

பதில்: கோடு இறங்கியது உண்மையாகவே இருக்கலாம். எதனால் இறங்கியது என்று கேளுங்கள் அம்மா. முதல் கேள்வியே அதுதான்.

உங்கள் ஊரையே பாருங்கள். தெற்கு டர்பனில் இரண்டு பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன. எஞ்சென் ஆலையில் 2020 டிசம்பரில் தீப்பிடித்தது. அதன்பின் அங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை. சாப்ரெஃப் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஏப்ரலிலேயே வெள்ளமும் அதற்குள் புகுந்தது. இரண்டின் உலைகளும் அணைந்ததால் நகரின் கணக்கு தானாகவே இறங்கும். ஆனால் உங்கள் காருக்கு இன்றும் பெட்ரோல் கிடைக்கிறது. அது வேறு ஊரில் சுத்திகரிக்கப்பட்டுக் கப்பலில் வருகிறது. புகையும் அந்த ஊரின் கணக்கில் ஏறிவிட்டது. ஆலைப் புகைக்கு நடுவே பல்லாண்டு வாழ்ந்த மெரிபேங்க் மக்களுக்கு இது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இருந்தாலும், குறைந்த கார்பனில் வாழ நகரம் கற்றுக்கொண்டது என்பதற்கு இது சான்றாகாது.

இரண்டாவது காரணம் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. 2023-இல் நாட்டில் 300 நாளுக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அரசு மின் நிறுவனமான எஸ்கோமின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நிலக்கரியிலிருந்து வருவதால், நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கிடலாம். மனக்கணக்குக்கு இது வசதி: மாதம் 600 யூனிட் என்றால் 600 கிலோ.

இதை ஒரு வீட்டில் பொருத்திப் பார்ப்போம். மின்வெட்டு இல்லாத மாதத்தில் அங்கே 600 யூனிட் செலவானது. நாளுக்குச் சராசரியாக ஆறு மணி நேரம் மின்சாரம் போன மாதத்தில் 480 ஆனது. ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று தோன்றும். ஆனால் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம்தான் மின்சாரம் இருந்தது. 480-ஐ 18-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கினால் 640 வருகிறது. அதாவது மின்சாரம் இருந்த நேரத்தில் அந்த வீடு முன்பைவிடச் சற்று வேகமாகவே செலவழித்திருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் கீசர் ஆறிய தண்ணீரைச் சூடாக்கத் தொடங்குவதும் இதில் அடங்கும். ஆகவே இது தோராயக் கணக்கு. அந்த இருட்டில் ஜெனரேட்டர் ஓட்டியிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோவையும் கூட்டுங்கள். கூரையில் சோலார் கீசர் வைத்த வீட்டில் இதே வகுத்தலைச் செய்தால் எண் நன்றாகவே இறங்கும். அதுதான் உண்மையான குறைவு.

ஆள்வீதக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. மின்சாரம் வாங்கக் காசில்லாமல் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைக்கும் குடும்பத்தின் உமிழ்வு மிகக் குறைவாகத்தான் இருக்கும். வறுமையைச் சாதனையாக எழுதுவது எனக்கு ஒப்பாத காரியம். எத்தனை வீடுகளுக்கு மின் இணைப்பு வந்தது, எத்தனை வீடுகளால் மாதம் முழுவதும் ப்ரீபெய்ட் மின்சார டோக்கன் வாங்க முடிகிறது என்ற எண்களையும் அருகில் வைத்துத்தான் உமிழ்வைப் படிக்க வேண்டும்.

போக்குவரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டம் நம் இந்திய வம்சாவளியினரை நகரின் நடுவிலிருந்து பெயர்த்து ஓரத்துக்கு அனுப்பியது. அந்தத் தூரத்தை இன்றும் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் காரிலும் கடக்கிறோம். வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் எதில் போகிறார்கள் என்ற விகிதம், எத்தனை மின்சார வாகனம் விற்றது என்பதைவிட அதிகம் சொல்லும்.

குப்பையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிளேர் எஸ்டேட்டின் பிசசார் ரோடு குப்பைமேட்டில் எழும் மீத்தேனைப் பிடித்து மாநகராட்சி மின்சாரம் எடுத்தது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும் என்பதால் அது பயனுள்ள வேலை. ஆனால் குப்பைமேட்டு வாயு பெரும்பாலும் சூத்திரத்தால் மதிப்பிடப்படுவது. உமிழ்வைக் கணக்கிட நகரங்கள் பின்பற்றும் 2014-ஆம் ஆண்டின் உலகப் பொது நெறிமுறை இதற்கு இரண்டு சூத்திரங்களை அனுமதிக்கிறது. இடையில் சூத்திரத்தை மாற்றிவிட்டுப் பழைய ஆண்டுகளைத் திருத்தாவிட்டால், ஒன்றுமே நடக்காமல் கோடு வளையும்.

உங்கள் சங்கத்துக்கு இருபது வீடுகள் போதும். ப்ரீபெய்ட் சீட்டில் ஒவ்வொரு முறையும் வாங்கிய யூனிட் அச்சாகியிருக்கும். அவற்றை மாதவாரியாகக் கூட்டி, மின்சாரம் இருந்த மணி நேரத்தால் வகுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கோயில் சமையலுக்கு வாங்கும் 48 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 144 கிலோ சேருங்கள். ஆடிக் கூழ் காய்ச்சும் விறகின் புகையைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நெறிமுறையும் அதைத் தனியாகத்தான் காட்டச் சொல்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போய், ஆலைகளை நீக்கி, மின்வெட்டு நேரத்தைச் சரிசெய்து, எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே சூத்திரத்தில் போட்டால் கோடு எப்படி வரும் என்று கேளுங்கள்.